இடது பக்கத்துக் கைதட்டல்

நான் ஓய்வுபெற்ற ஒலிப்பதிவுக் கூடத்தில் இப்போது கைதட்டலுக்கென்றே கணினியில் ஓர் அலமாரி வைத்திருக்கிறார்கள். திறந்தால் வரிசையாக வருகிறது: சிறு கூட்டம், பெருங்கூட்டம், மரியாதைக்குத் தட்டுவது, மனமாரத் தட்டுவது, மந்திரி வந்ததால் தட்டுவது. கடைசி வகை நான் சேர்த்துக்கொண்டது. தேடினால் அதுவும் இருக்கும். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் வித்யா ஒருநாள், "சார், இதெல்லாம் இல்லாத காலத்துல கைதட்டலுக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். "திருடுவோம்" என்றேன். நல்ல ஜோக் என்று சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள். முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் நான் சொன்ன ஜோக்குக்கெல்லாம் சிரிக்காதவர்கள், உண்மையைச் சொன்னால் சிரிக்கிறார்கள். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

என் படிப்பு விவரம் சுருக்கமானது. திருநெல்வேலியில் ஒரு மாடியில் இயங்கிய ரேடியோ இன்ஸ்டிடியூட்டில் ஒரு வருஷம். சூடான சால்டரிங் கோலை எந்தப் பக்கம் பிடிக்கக்கூடாது என்பதை முழுமையாகக் கற்றேன். பிறகு பம்பாயில் ஏஜெண்ட் வீட்டு வராந்தாவில் எட்டு மாதம். எழுபதுகளின் நடுவில் ஒருநாள் பஹ்ரைனில் இறங்கினேன். சவுண்டு இன்ஜினியர் வேலை என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். மனாமாவில், குதைபியா பகுதியில் இருந்த ஒரு கேசட் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து, இசைத்தட்டில் இருப்பதைக் கேசட்டில் ஏற்றும் வேலை. பிற்காலத்தில் அதைக் குற்றம் என்றார்கள். அப்போது அதன் பெயர் வியாபாரம்.

கடையை நடத்தியவர் பின்டோ. கோவாக்காரர். பம்பாய் ஓட்டல்களில் சாக்ஸபோன் வாசித்து, பல் விழுந்ததும் வாத்தியத்தை விட்டவர். எல்லாரையும் 'மேன்' என்பார். அரபியையும் மேன், அர்மீனியனையும் மேன், கடைக்கு வரும் நர்ஸம்மாக்களையும் மேன். திட்டமாட்டார். தப்புச் செய்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நான் சேர்ந்த முதல் மாதத்தில் அந்தக் கண்ணாடி அதற்கு முன் எப்போதும் இல்லாத அளவுக்குச் சுத்தமாக இருந்தது.

அவர் முறை இது. முதலில் கை கழுவ வேண்டும். இசைத்தட்டை விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும், பிரசவ வார்டில் பிள்ளையை வாங்குகிற மாதிரி. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ரிக்கார்டரின் ஹெட்டைத் துடைக்க வேண்டும். புதுக் கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்ற வேண்டும். தட்டில் சத்தம் மிக அதிகமான இடத்தைத் தேடிப் போட்டு, ரிக்கார்டரில் சத்த அளவு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டுத் திரும்புகிற மாதிரி அளவு வைக்க வேண்டும். பதிவு முடிந்ததும் முழுதாக ஒருமுறை கேட்க வேண்டும். அரைமணிப் பாட்டுக்கு ஒரு மணி நேரம். பக்கத்துக் கடையில் பத்து மெஷின் ஒன்றாக ஓடும், ஒருவரும் கேட்கமாட்டார்கள். "அவன் கேசட் விக்கிறான், மேன். நாம கேட்டதை விக்கிறோம்" என்பார்.

கடைக்குள் இன்னும் பின்னால், சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்ட ஒரு சின்ன அறை உண்டு. கடிதம் எழுத வராதவர்களும், எழுதிப் பார்த்து அலுத்தவர்களும் அங்கே உட்கார்ந்து ஊருக்குப் பேசிப் பதிந்து அனுப்புவார்கள். அதற்கும் விதி இருந்தது. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டு அளவு வைக்க வேண்டும். அவன் மனைவி பெயரைச் சொல்லத் தொடங்கியதும் ஹெட்போனைக் கழற்றிவிட வேண்டும். "முள்ளை மட்டும் பார், மேன். முள்ளுக்குத் தமிழ் தெரியாது." நான் ஒரு காதில் மட்டும் கழற்றினேன். பாதி நேர்மை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

அந்தக் கடையில் பின்டோ கும்பிட்ட தட்டு ஒன்று உண்டு. புத்தகம் போலத் திறக்கும் அட்டை, உள்ளே இரண்டு பெரிய இசைத்தட்டு. கறுப்பினப் பாடகர் ஒருவர் அமெரிக்காவில் ஏதோ ஒரு கிளப்பில், முந்நூறு பேர் முன்னால் பாடியது. பாடும்போதே பதிந்தது. சோல் இசை என்றார் பின்டோ. நான் செருப்பு அடிப்பாகம் என்று நினைத்து மரியாதையாகத் தலையாட்டினேன்.

எண்ணெய்க் கம்பெனி அமெரிக்கர் ஒருவர் அதைக் கேசட்டில் பதிந்து தரச் சொல்லியிருந்தார். தட்டு தொண்ணூற்றாறு நிமிஷம், கேசட் தொண்ணூறு. யோசித்தேன். பாட்டுக்கு நடுவே கூட்டம் கத்துகிறது, சிரிக்கிறது, கை தட்டுகிறது, எல்லாம் தெண்டம். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் நிறுத்தி, அடுத்த பாட்டு தொடங்கியதும் விட்டு, ஆறு நிமிஷக் கூட்டத்தை வெட்டி எறிந்தேன். கச்சிதமாகக் கேசட்டுக்குள் அடங்கியது. பின்டோ கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார்.

"கூட்டம் எங்கே, மேன்?"

"வெட்டிட்டேன் சார். பாட்டு பூரா இருக்கு."

"எங்கே இருக்கு?"

என்னை ஸ்டூலில் உட்காரவைத்து நான்கு பக்கமும் போட்டுக் காட்டினார். கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். எனக்குத் தெரிந்த கச்சேரியில் ரசிகர் தலையை ஆட்டுவார், துக்கடா வந்ததும் செருப்பைத் தேடுவார். இங்கே பாடகர் ஒரு வரி பாடிவிட்டு நிறுத்துகிறார். இருட்டிலிருந்து ஒருவன் 'ஆமாம், சொல்லு' என்கிறான். அவனுக்குத்தான் அடுத்த வரி. தன்னைவிட்டுப் போனவளிடமிருந்து கடிதம் வந்ததாகப் பாடுகிறார். முந்நூறு பேரும் அந்தக் கடிதம் தங்கள் வீட்டுக்கு வந்த மாதிரி முனகுகிறார்கள். மேளம் நிற்கும்போது ஒருத்தி தாமதமாகச் சிரிக்கிறாள். அதைக் கேட்டு அவரும் சிரித்துவிட்டுத் தாளத்தில் கால் வைக்கிறார். பாட்டில் பாதியை அந்த மனிதர் பாடினார், மீதியைக் கூட்டம் பாடியது. நான் வெட்டி எறிந்தது அந்த மீதியை.

அதன்பின் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. மதியம் ஒன்றிலிருந்து நாலுவரை கடை அடைப்பு. பின்டோ வீட்டுக்குப் போய்விடுவார். என் அறையில் ஆறு பேர். மூவர் பகல் டூட்டி, மூவர் இரவு டூட்டி. இரண்டு வருஷம் அவர்களோடு இருந்தேன், பாதிப் பேரின் முதுகைத்தான் தெரியும். அங்கே போவதற்குப் பதில் கடையிலேயே டிபன் கேரியரைத் திறந்து, அந்தத் தட்டின் மூன்றாம் பக்கத்தைப் போடுவேன். அதன் கடைசியில் நாற்பது விநாடி வெறும் கைதட்டல். பாட்டு இல்லை, மேளம் இல்லை. முந்நூறு பேர் என்னோடு மதியச் சாப்பாடு சாப்பிட்டார்கள். சில நாள் நான் எழுந்து நின்று, ரசச் சோற்றுக் கையோடு குனிந்து வணங்குவதும் உண்டு. கடைக்கு முன்பக்கம் கண்ணாடிக் கதவு என்பது அப்போது நினைவில் இருப்பதில்லை.

அந்தக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றவர் மரியதாசன் அண்ணாச்சி. கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். பஹ்ரைனின் தெற்கே, பாலைவனத்துக்குள் ஒரு தண்ணீர் பம்பு நிலையத்தில் மெக்கானிக். வெள்ளிக்கிழமை கோயிலில் பூசை பார்த்துவிட்டு, திரும்ப வண்டி வரும்வரை எங்கள் கடை நிழலில் நிற்பார். அன்று கதவைத் தட்டி உள்ளே வந்தார்.

"மக்கா, ஒரு பாட்டு பதியணும். பாட்டு எனக்கது. கூட்டம் ஒனக்கது."

"என் கூட்டமா?"

"இந்த ரிக்கார்டுக்குள்ள கெடக்காவல்லா, அத்தன பேரு. நீ சோறு தின்னுட்டுக் கும்பிடு போடுதியே, அவியதான். எனக்கும் ஒருக்க கைதட்டச் சொல்லு."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உட்கார்ந்து சொன்னார். மீன்பிடிக்கப் போன அவர் அண்ணன் கடலோடு போய்விட்டான். அதன்பின் ஐந்து மாதம் இவர் யாரோடும் பேசவில்லை. தனியாகப் பாறைமேல் போய் உட்கார்ந்திருப்பாராம். மனைவி பிலோமி, இனிக் கடலும் வேண்டாம், தனிமையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வளைகுடாவுக்கு அவள் சம்மதித்ததே ஒரு நிபந்தனையோடு: தனியாகக் கிடந்தால் உடனே திரும்பிவிட வேண்டும். அதனால் இவர் ஒவ்வொரு கடிதத்திலும், இங்கே நம் ஆட்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறோம், பாட்டும் கூத்துமாகப் பொழுது போகிறது என்று எழுதிவந்திருக்கிறார்.

"உண்மையில எத்தன பேரு அண்ணாச்சி?"

"நான். அப்புறம் ஒரு பலூச்சி வாச்மேன். அவனுக்குக் காது கேக்காது."

இப்போது பிலோமி, கிறிஸ்துமஸ் விழாவில் நீங்கள் பாடியதைப் பதிந்து அனுப்புங்கள், பிள்ளைகள் கேட்கட்டும் என்று எழுதிவிட்டாள். விழாவும் இல்லை, கூட்டமும் இல்லை. திரும்பிப் போனால் ஊரில் கடலைத் தவிர வேறு தொழில் இல்லை. கடலுக்கு அவள் விடமாட்டாள். விட்டாலும் தனக்குப் போகத் தைரியமில்லை என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் கையிலிருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டார்.

அன்றே செய்தோம். கம்பளி அறையில் நின்று, மாதாவைப் பற்றிய ஊர்ப்பாட்டு ஒன்றைக் கண்மூடிப் பாடினார். அலைக்கு மேலே கேட்க வேண்டும் என்று பழகிய குரல். முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. அடுத்தது என் வேலை. அவர் பாட்டை ஒரு மெஷினில் ஓடவிட்டு, கடைசி வரி முடியும்போது இசைத்தட்டின் கைதட்டலை மெல்லத் திறந்து, இரண்டையும் கலந்து மூன்றாவது மெஷினில் ஏற்ற வேண்டும். கலக்கும் பெட்டியில் ஒரே ஒரு துளைதான் காலி. இசைத்தட்டிலிருந்து இரண்டு வயர் வருகிறது, இடது ஒன்று, வலது ஒன்று. இடதை மட்டும் செருகினேன். கைதட்டலில் இடதென்ன, வலதென்ன. வெளியே வண்டிக்காரன் ஹார்ன் அடித்து, "யல்லா, யல்லா!" என்று கத்திக்கொண்டிருந்தான். முள்ளைப் பார்த்தேன், நன்றாக ஆடியது. முழுதாகக் கேட்கவில்லை. கேசட்டை எடுத்துக் கையில் கொடுத்தேன். அண்ணாச்சி வண்டியில் ஏறும்போது, இரு கையையும் கூப்பி மேடைப் பாடகர் மாதிரி எனக்கு ஒரு கும்பிடு போட்டார்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் கேசட் வந்தது. போட்டுக் கேட்க அவரிடம் மெஷின் இல்லை, கடைக்குத்தான் வருவார். அன்று என்னையும் உட்காரச் சொன்னார். பெருமை, எங்கள் இருவருக்கும்.

பிலோமியின் குரல் நிதானமாக இருந்தது. சின்னவனுக்குப் பல் விழுந்தது, பலா காய்த்தது, கூரை மாற்றியது எல்லாம் சொன்னாள். பிறகு:

"பாட்டு கேட்டோம். எல்லாரும் வந்து கேட்டாவ. கைதட்டுல ஒரு பொம்பளைக்க சத்தம் கேக்கு. ஒங்களுக்கப் பக்கத்துல நின்னுட்டு விளிக்க மாதிரி இருக்கு. இங்கிலீசு. நான் மடத்துக்குப் போயி சிஸ்டர்கிட்ட போட்டுக் காட்டினேன். சிஸ்டர் சொல்ல மாட்டேன்னுட்டாவ. பொறவு சொன்னாவ, 'அவசரப்படாதீங்க தேனே'ன்னு அர்த்தமாம்."

கேசட்டில் கொஞ்ச நேரம் வெறும் காற்று. அவள் மெஷினை நிறுத்தவில்லை. அலைச் சத்தம்கூடக் கேட்டது.

"நீங்க தனியா இல்லன்னு சந்தோசம்தான். இவ்வளவுக்குத் தனியா இல்லாம இருப்பியன்னு நான் நெனைக்கல்ல."

அவ்வளவுதான். ஓடி நின்றது.

நான் தட்டை எடுத்து, இடது வயரை மட்டும் செருகிப் போட்டுப் பார்த்தேன். கிளப்பில் இரண்டு மைக் தொங்கவிட்டிருக்கிறார்கள். இடது மைக்குக்கு நேர் கீழே ஒரு பெண் உட்கார்ந்திருந்திருக்கிறாள். இரண்டு பக்கமும் சேர்ந்தால் முந்நூறில் ஒருத்தி. இடதை மட்டும் வைத்தால், முந்நூறு பேரும் பின்னால் போய்விட, அவள் மட்டும் முன்னால் வந்து, சிரித்தபடி, "டேக் யுவர் டைம், ஹனி!" என்கிறாள். இரண்டு வருஷமாக என்னோடு மதியம் சாப்பிட்டவள். எனக்கு இதுவரை அவளைத் தெரியாது.

"அண்ணாச்சி, ஒரு நர்ஸ் அக்கா, விழாவுக்கு வந்திருந்தாங்க, வயசானவங்கன்னு சொல்லிரலாம்."

அந்த நேரம் பார்த்துப் பின்டோ உள்ளே வந்தார். வெள்ளிக்கிழமைகளில் மாலைக்குமுன் வராதவர். ஒளிக்க நேரமில்லை, எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அண்ணாச்சி பாட்டைப் பதிந்த முதல் கேசட் கடையிலேயே இருந்தது, அன்று கலந்த மாதிரியே திரும்பக் கலந்தேன். போடச் சொல்லிக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஒரு பக்கம் மட்டும் போட்டியா, மேன்?"

"ஒரே துளைதான் சார் காலியா இருந்தது."

"என்னைக் கேட்டிருந்தா இன்னொரு பெட்டி கொடுத்திருப்பேனே."

நாங்கள் செய்த காரியத்தில் அவரை நோகடித்தது அது ஒன்றுதான். பிறகு மரியதாசனைப் பார்த்து, இரண்டாம் பக்கத்தில் பதினோரு விநாடி ஆண்கள் மட்டும் தட்டுகிற இடம் இருக்கிறது, அதைக் கோத்துக் கோத்து ஒரு நிமிஷம் ஆக்கலாம், தானே செய்து தருகிறேன், கடவுளே வந்து கேட்டாலும் கண்டுபிடிக்க முடியாது என்றார். அவர் செய்தால் முடியாதுதான். நான் மொழிபெயர்த்தேன். வேறு மைக், வேறு விழா, பழைய கேசட்டில் யாரோ குறுக்கே பேசிவிட்டார்கள் என்று ஒரு கதையும் நானே தயாராக வைத்திருந்தேன்.

அண்ணாச்சி அந்தக் கேசட்டை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"இல்ல மக்கா. பொம்பள இல்லன்னு சொல்லணும்னா, கூட்டம் இல்லன்னு சொல்லணும். ரெண்டுல ஒண்ணு அவளுக்குத் தெரிஞ்சுதான் ஆவணும். அவ எவளையோ நெனச்சுட்டு ஒறங்காம கெடக்கதுக்கு, நான் தனியாக் கெடக்கேன்னு தெரிஞ்சு கெடக்கட்டு." பின்டோ பக்கம் திரும்பினார். "சாப், அந்தத் தூக்கிட்டுப் போற மெசினு ஒரு நாள் தருவீங்களா?"

பின்டோ மெஷினைக் கொடுத்தார். கூடவே என்னையும் கொடுத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வண்டியில் போனேன். தார் முடிந்து மணலில் வெகுதூரம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு தொட்டி, ஓர் அறை. அறையில் ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு மாதா படம். எல்லாம் ஒவ்வொன்று. வாச்மேன் தூரத்தில் சுவரோரம் படுத்திருந்தார். கொட்டகைக்குள் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நிறுத்தமே கிடையாதாம். மைக்கை எங்கே வைக்க என்று கேட்டேன். "எங்க வேணும்னாலும் வையி. ஒரே சத்தந்தான்."

ஒரு பக்கம் முழுதும், முப்பது நிமிஷம் பதிந்தோம். அவர் அதிகம் பேசவில்லை. "பிலோமி, இதுதான் எடம்" என்றார். தட்டைக் கழுவினார். சுற்றி நடந்தார். எண்ணெய் போட்டார். கடைசியில் மோட்டாருக்குப் பக்கத்தில் நின்று, அதே மாதா பாட்டை முழுதாகப் பாடினார். பாட்டு முடிந்தது. பம்பு ஓடியது. நான் நிறுத்தப் போனேன். வேண்டாம் என்று கை காட்டினார். கேசட் தானாகத் தீர்ந்து, பொத்தான் 'டக்'கென்று மேலே வரும்வரை நின்றுகொண்டே இருந்தார். திரும்பி வந்து, கடையில் முப்பது நிமிஷமும் ஹெட்போன் போட்டு, இரண்டு காதாலும் கேட்டேன். பிசிறில்லாத பதிவு. என் சர்வீஸிலேயே முதல் நல்ல பதிவு அதுதான் என்று பின்னால் பலமுறை பெருமைப்பட்டிருக்கிறேன்.

பதிலுக்கு ஏழு வாரம் ஆயிற்று. அண்ணாச்சி ஒவ்வொரு வெள்ளியும் வந்து, தபால் இல்லை என்றதும் நிழலில் நின்றுவிட்டுப் போனார். நான் மதியத்தில் அந்தத் தட்டைப் போடுவதை விட்டிருந்தேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். கேசட் வந்த அன்று அவர் ஹெட்போனை வாங்கிக்கொள்ளவில்லை. "சத்தமாவே போடு" என்றார்.

"கேட்டேன்" என்றாள் பிலோமி. "யாரையும் விளிக்கல்ல. நான் மட்டும் கேட்டேன். மூணு வாட்டி. பிள்ளைய கேட்டதுக்கு, அப்பா வேலை பாக்குதாவன்னு சொன்னேன். தனியாக் கெடந்தா வந்திரணும்னு சொல்லித்தானே விட்டேன். வந்திருங்க. கடலுக்குப் போவாண்டாம். ஐஸ் பாக்டரியில மெசினு தெரிஞ்ச ஆளு கேக்காவ, நான் சொல்லி வச்சிருக்கேன்."

அண்ணாச்சி மூச்சை விட்டார். நிறுத்தப் போனேன். அவள் இன்னும் முடிக்கவில்லை.

"பொறவு, வரதுக்கு முன்ன அந்த மோட்டார ஒண்ணு பாத்துட்டு வாங்க. கொஞ்ச நேரத்துக்கு ஒருக்க அதுக்கு மூச்சு முட்டுது. நாளைக்கு வாற பையன் பாவம்லா."

அவர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது, சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. எடுத்தபோது முகம் நனைந்திருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தார்.

"பேரிங்கு தேஞ்சுட்டு மக்கா. ரெண்டு மாசமா அந்தச் சத்தத்த நான் ஒருத்தன்தான் கேட்டுட்டுக் கெடக்கேன்னு நெனச்சேன். நீயும் அங்க இருந்தியே, ஒனக்குக் கேட்டுதா?"

அரைநாள் அந்த மோட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஹெட்போனிலும் முழுதாகக் கேட்டேன். கேட்டது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

"இல்ல அண்ணாச்சி" என்றேன்.